ரேடியோ கன்ட்ரோல் காருக்கு பேட்டரி தேர்ந்தெடுப்பது பற்றி

என் முதல் ரேடியோ கன்ட்ரோல் கார் ஒருநாள் மாலை புரியாத ஒரு குறையைக் காட்டத் தொடங்கியது. மெதுவாக ஓட்டும்வரை எல்லாம் சரியாகவே இருக்கும். திராட்டிலை முழுவதும் இழுத்த நொடியில் மட்டும் முன்சக்கரங்கள் திருப்பிய நிலையிலேயே நின்றுவிடும். கார் ஒருமுறை குலுங்கி நின்று, ஓரிரு நொடி கழித்துத் தானாகவே மீண்டும் இயங்கும். ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் பழுதாகிவிட்டது என்று எண்ணி அதைக் கழற்றிப் பார்த்தேன், முன்சக்கரங்களைத் திருப்பும் சர்வோவை மாற்றினேன், ஆன்டெனா வயரை வேறு வழியாகக் கொண்டுபோனேன். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் நண்பர் ஒருவர் தம் காரிலிருந்த பேட்டரியை எடுத்து என் காரில் மாட்டிக் கொடுத்தார். கார் அம்புபோல் பாய்ந்தது. இத்தனைக்கும் என் பேட்டரி முழு சார்ஜில்தான் இருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தபோது 8 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

காரணம் பிறகு புரிந்தது. எந்த பேட்டரிக்கும் உள்ளேயே ஒரு மின்தடை உண்டு. புதிதாக இருக்கும்போது அது மிகக் குறைவு, வயது ஏற ஏற அதுவும் ஏறும். ஆறு செல்கள் கொண்ட 7.2 வோல்ட் பேட்டரியின் மொத்த உள் மின்தடை 30 மில்லி ஓம் என்று வைத்துக்கொண்டால், கார் கிளம்பும்போது இழுக்கும் 20 ஆம்பியருக்கு 0.6 வோல்ட்தான் இறங்கும். அதே பேட்டரி பழையதாகி உள் மின்தடை 120 மில்லி ஓமை எட்டிவிட்டால், 2.4 வோல்ட் இறங்கி வெளியே 4.8 வோல்ட்தான் கிடைக்கும். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி வழியாகத்தான் ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் போகிறது என்பதால், அந்த நொடியில் ரிசீவர் அணைந்து மறுபடி தொடங்குகிறது. சும்மா இருக்கும் பேட்டரியில் மீட்டர் காட்டும் வோல்ட்டை வைத்து அது நல்ல பேட்டரியா என்று சொல்ல முடியாது. பாரம் ஏறும்போது எவ்வளவு தாங்குகிறது என்பதுதான் கேள்வி. அன்றிலிருந்து எந்த பேட்டரியை வாங்கினாலும் அந்த ஒரு கேள்வியோடுதான் வாங்குகிறேன். அதோடு சேர்த்து, அந்த பேட்டரி கேட்கும் பராமரிப்பை என்னால் தவறாமல் செய்ய முடியுமா என்றும் யோசிக்கிறேன்.

வாங்குவதற்கு முன் காரைத் திருப்பிப் போட்டு, பேட்டரி உட்காரும் குழியை அளந்துகொள்வது நல்லது. நிஜக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள பழைய கார்களில் அந்தக் குழி, உருளை வடிவிலான ஆறு செல்களை வரிசையாக வைப்பதற்கென்றே வார்க்கப்பட்டிருக்கும்; அடிப்பக்க மூலைகள் வளைந்திருக்கும். செவ்வக உறை கொண்ட லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி நீளத்திலும் அகலத்திலும் சரியாகப் பொருந்தினாலும், அந்த வளைவில் முட்டிக்கொண்டு சற்றுத் தூக்கலாக நிற்கும், மேலே பூட்டும் பட்டை மூடாது. இதற்காகவே மூலைகள் உருட்டப்பட்ட உறையோடும் லிப்போக்கள் விற்கின்றன. வயர் எந்தப் பக்கத்திலிருந்து வெளியே வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். எதிர்ப்பக்கமாக வந்தால் அதை இழுத்து வளைத்து மாட்ட நேரும். அப்படி மாட்டிய வயர் ஒருநாள் சுழலும் தண்டில் உரசித் தேயும். குழியை அளந்த கையோடு இஎஸ்சியின் குறிப்பேட்டையும் பார்த்துவிட வேண்டும். அது எத்தனை செல் வரை தாங்கும், பேட்டரி அளவுக்கு மீறி இறங்கும்போது மோட்டாரை நிறுத்தும், லிப்போவுக்குரிய குறைந்த மின்னழுத்த வெட்டு அதில் இருக்கிறதா என்ற இரண்டும் தெரியாமல் பேட்டரி வாங்குவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவதைப் போன்றது.

வேதியியல் வகைகளில் நிக்கல் காட்மியத்தைப் பற்றி இன்று அதிகம் பேச வேண்டியதில்லை. ஒரு காலத்தில் இந்தக் கார்கள் எல்லாம் அதில்தான் ஓடின. காட்மியம் நச்சு உலோகம் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டின் நெறிமுறையில் கையடக்க பேட்டரிகளில் அதன் பயன்பாட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அதற்கு முன்பே நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு அதன் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடைப் பழைய சரக்கு என்று ஒதுக்குவோர் பலர். அந்தக் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட், ஆறு செல்லுக்கு 7.2 வோல்ட். உறுதியான உலோகக் குடுவைக்குள் அடைக்கப்பட்டிருப்பதால் மோதலையும் குலுக்கலையும் நன்றாகவே தாங்கும். ஓட்டி முடித்தபின் சில நாள் மறந்துபோய் அப்படியே வைத்துவிட்டாலும் பெரிய ஆபத்து எதுவும் நேராது. பத்து வயதுப் பிள்ளை தானே கழற்றி மாட்டப்போகும் கார் என்றால் நான் இன்றும் யோசிக்காமல் இதைத்தான் பரிந்துரைப்பேன். இதன் குறை எடையும், பாரம் ஏறும்போது மின்னழுத்தம் தொய்வதும், சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் கரைவதும்தான். ஞாயிறு அன்று முழுதாக ஏற்றிய பேட்டரி ஒரு மாதம் கழித்து எடுக்கும்போது கணிசமாக இறங்கியிருக்கும் என்பதால், ஓட்டுவதற்கு முந்தைய இரவோ அன்று காலையோ ஏற்றிக்கொள்வதே முறை.

இந்த வகையில் பேட்டரியைவிட அதை ஏற்றும் விதம்தான் அதிகம் தவறாகிறது. காரோடு வரும் சிறிய சுவர் சார்ஜர்களில் பெரும்பாலானவற்றுக்கு பேட்டரி நிறைந்ததா என்று தெரியாது. செருகியிருக்கும்வரை ஒரே அளவு மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். 3000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி, கொள்ளளவின் அலகு) பேட்டரிக்கு 300 மில்லி ஆம்பியர் தரும் சார்ஜர் என்றால், வீணாகும் பங்கையும் சேர்த்து ஏறக்குறைய 14 மணி நேரம் ஆகும். அதைத் தாண்டியபின் உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகவே மாறும். தானே நிற்கும் சார்ஜர் வேறு விதமாக வேலை செய்கிறது. நிக்கல் செல் நிறையும்போது அதுவரை ஏறிக்கொண்டே வந்த அதன் மின்னழுத்தம் ஒரு சில மில்லி வோல்ட் இறங்கும். அந்தச் சிறு இறக்கத்தைக் கண்டுபிடித்து சார்ஜர் நின்றுகொள்ளும். மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் அந்த இறக்கம் தெளிவாகத் தெரியாது. ஆகவே 3000 எம்ஏஎச் பேட்டரிக்கு ஒன்றரை முதல் மூன்று ஆம்பியர் வரை வைப்பது, மெதுவாக ஏற்றுவதே நல்லது என்று அரை ஆம்பியரில் வைப்பதைவிடப் பாதுகாப்பானது. இதை முதலில் கேட்டபோது எனக்கும் நம்பிக்கை வரவில்லை. தொட்டுப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். சரியாக நின்ற பேட்டரி கையில் இளஞ்சூடாக இருக்கும். பிடிக்க முடியாத அளவு சுட்டால் சார்ஜர் இறக்கத்தைத் தவறவிட்டுவிட்டது என்று பொருள்.

சிறிய கார்களிலும், கையில் பிடித்து ஓட்டும் டிரான்ஸ்மிட்டரிலும் போடும் ஏஏ செல்களுக்கு இங்கேயே ஒரு வார்த்தை. ஆல்கலைன் செல் 1.5 வோல்ட், ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட் என்பதால் முதலாவதே வலுவானது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆல்கலைன் செல்லின் மின்னழுத்தம் பயன்படுத்தத் தொடங்கியதிலிருந்தே இறங்கிக்கொண்டு வரும், மோட்டார் இழுக்கும் பாரத்தில் இன்னும் வேகமாக இறங்கும். ரீசார்ஜ் செல்லோ ஏறக்குறைய கடைசிவரை 1.2 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். 2005இல் சான்யோ நிறுவனம் எனலூப் செல்களைக் கொண்டுவந்தபின், தானாகக் கரையும் குறையும் பெருமளவு நீங்கிவிட்டது. டிரான்ஸ்மிட்டருக்கு நான் இந்த வகையைத் தவிர வேறெதையும் போடுவதில்லை. உறையில் அதிகபட்ச எம்ஏஎச் எழுதியிருக்கும் செல்களைவிட, 2000 எம்ஏஎச் அளவில் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும் செல்களே மாதம் ஒருமுறை எடுக்கும் டிரான்ஸ்மிட்டருக்குப் பொருத்தம்.

இனி லிப்போ. லித்தியம் பாலிமர் செல் ஒன்றின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட், நிறைந்த நிலையில் 4.2 வோல்ட். இரண்டு செல் தொடராக இணைந்தது 2எஸ், பெயரளவில் 7.4 வோல்ட், நிறைந்தால் 8.4 வோல்ட். ஆறு செல் நிக்கல் பேட்டரி ஓடிய காரில் 2எஸ் லிப்போவை மாட்டினால், காகிதத்தில் வித்தியாசம் வெறும் 0.2 வோல்ட்தான். ஓட்டிப் பார்த்தால் காரையே மாற்றிவிட்டார்களோ என்று தோன்றும். நல்ல 5000 எம்ஏஎச் செல்லின் உள் மின்தடை இரண்டு மூன்று மில்லி ஓம்தான் என்பதால், திராட்டிலை எவ்வளவு இழுத்தாலும் மின்னழுத்தம் அசைந்து கொடுப்பதில்லை. எடையும் அப்படித்தான். 7.2 வோல்ட்டில் 5000 எம்ஏஎச் என்றால் 36 வாட் மணி, 7.4 வோல்ட்டில் 37 வாட் மணி. கிட்டத்தட்ட ஒரே ஆற்றல். ஆனால் முதலாவது 400 கிராமைத் தாண்டும்போது இரண்டாவது 300 கிராமுக்குள் அடங்கிவிடும். வளைவில் கார் வெளியே சாயாமல் திரும்புவதற்கும், குதித்து இறங்கும்போது அடிப்பக்கம் தரையில் மோதாமல் இருப்பதற்கும் அந்த நூறு கிராம் பெரிய உதவி.

இவ்வளவு நல்ல பேட்டரி பராமரிப்பில் சிறிதும் விட்டுக்கொடுக்காது. செல் ஒன்றுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அதற்குள் மீளாத சேதம் தொடங்கும். நானும் அதைச் செய்திருக்கிறேன். ஓட்டி முடித்த களைப்பில் ஒருநாள் காரின் சுவிட்சை அணைக்காமல், பேட்டரியையும் கழற்றாமல் அலமாரியில் வைத்துவிட்டேன். ரிசீவரும் சர்வோவும் இரவு முழுவதும் சொட்டுச் சொட்டாக மின்சாரத்தை உறிஞ்சியிருக்கின்றன. மோட்டாரை நிறுத்தும் வெட்டு ரிசீவருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தாது என்பது அதுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் எடுத்தபோது ஒரு செல் 2.1 வோல்ட், மற்றொன்று 1.8 வோல்ட். உறையின் இரு பக்கமும் விரலை வைத்தபோது, தட்டையாக இருந்த இடம் லேசாக மேடு தட்டியிருந்தது. உள்ளே இருக்கும் மின்பகுளி சிதைந்து வாயுவாவதால் வரும் வீக்கம் அது. சிறு மின்னோட்டத்தில் ஏற்றி மீட்டுவிடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. நான் அதைச் செய்யவில்லை, யாரும் செய்யக்கூடாது என்பதே என் கருத்து. அந்த பேட்டரியை முழுவதும் இறக்கி, பழைய பேட்டரிகளைச் சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் கார் நின்றதும் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவதுதான். மற்றதெல்லாம் அதன் பிறகு.

பழைய இஎஸ்சியில் குறைந்த மின்னழுத்த வெட்டு இல்லையென்றால், ஒவ்வொரு செல்லையும் தனியே அளக்க பேட்டரியிலிருந்து வரும் மெல்லிய பேலன்ஸ் வயரில் செருகும் சிறிய அலாரம் ஒன்று கிடைக்கிறது. எந்த செல்லாவது நாம் குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் காதைத் துளைக்கும் சத்தம் எழுப்பும். 3.5 வோல்ட்டில் வைத்துக்கொண்டால் காரை ஓட்டிக் கொண்டுவந்து நிறுத்தப் போதிய நேரம் இருக்கும்.

ஏற்றும்போது, நிக்கல் பேட்டரிக்கான சார்ஜரில் லிப்போவை ஒருபோதும் இணைக்கக்கூடாது. நிக்கல் சார்ஜர் மின்னழுத்தம் இறங்குவதற்காகக் காத்திருக்கும், லிப்போவில் அந்த இறக்கம் வராது, 4.2 வோல்ட்டைத் தாண்டியும் தள்ளிக்கொண்டே போகும், முடிவு நெருப்பு. லிப்போவுக்குரிய சார்ஜர், பேலன்ஸ் வயரின் மூலம் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே பார்த்து, எல்லாவற்றையும் ஒரே அளவில் நிறுத்தும். மின்னோட்டம் பேட்டரியின் கொள்ளளவுக்குச் சமமாக இருந்தால் போதும். 5000 எம்ஏஎச்சுக்கு 5 ஆம்பியர். தீப்பிடிக்கும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில், ஆள் பக்கத்திலேயே இருக்கும்போதுதான் ஏற்ற வேண்டும். இரவில் ஏற்றிவிட்டுத் தூங்கப்போகும் பழக்கம் உள்ளவர்கள், அந்தப் பழக்கம் மாறும்வரை லிப்போ வாங்கவே வேண்டாம் என்று நான் வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன். ஓரிரு நாளில் ஓட்டப்போவதில்லை என்றால் முழு சார்ஜிலும் வைக்கக்கூடாது, வெறுமையாகவும் வைக்கக்கூடாது. செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட் என்ற நடுநிலையில் வைக்க வேண்டும். நல்ல சார்ஜர்களில் ஸ்டோரேஜ் என்ற முறையே இருக்கிறது.

லிப்போ உறையில் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் சி எண்ணைப் பற்றித்தான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வாங்குவோர் அதிகம் ஏமாறுவது அங்கேதான். ஒரு மணி நேரத்தில் முழு பேட்டரியையும் காலிசெய்யும் மின்னோட்டம் 1சி. 5000 எம்ஏஎச் பேட்டரிக்கு அது 5 ஆம்பியர். 100சி என்றால் 500 ஆம்பியர். அப்படியானால் அந்த பேட்டரி 36 நொடியில் தீர்ந்துவிட வேண்டும். அது நடக்கக்கூடியதா என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். செல்லின் உள் மின்தடை 3 மில்லி ஓம் என்று நல்ல அளவாகவே எடுத்துக்கொண்டாலும், 500 ஆம்பியரில் செல் ஒன்றுக்கு 1.5 வோல்ட் இறங்கிவிடும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் 750 வாட் வெப்பம் எழும். இரண்டு செல்லுக்கும் சேர்த்து 1500 வாட், அதாவது ஒரு இஸ்திரிப் பெட்டியை மிஞ்சும் வெப்பம், உள்ளங்கையளவு உறைக்குள். அதை எந்த பேட்டரியும் தாங்காது. நம் கார்களுக்கு அது தேவையும் இல்லை. 5000 எம்ஏஎச்சைக் கொண்டு 15 நிமிடம் ஓட்டினால் சராசரி மின்னோட்டம் 20 ஆம்பியர், வெறும் 4சி. கிளம்பும்போதும் மேடேறும்போதும் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு ஒருசில நொடி இழுத்தாலும் 16சிக்குள் அடங்கிவிடும்.

ஆகவே உறையில் 50 என்றிருந்தாலும் 120 என்றிருந்தாலும் நான் அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில்லை. கேட்பது உள் மின்தடையைத்தான். இப்போதைய சார்ஜர்கள் பல இதை ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனியே அளந்து காட்டுகின்றன. ஒருமுறை 100சி என்று எழுதியிருந்த, பெயர் சொல்ல விரும்பாத ஒரு தயாரிப்பின் பேட்டரியை வாங்கி வந்து அளந்தபோது ஒரு செல் 5 மில்லி ஓம், மற்றொன்று 11 என்று காட்டியது. அதே நாளில் என்னிடம் ஏற்கெனவே இருந்த 40சி பேட்டரியை அளந்தேன். இரண்டு வயதான அது 4, 4 என்று காட்டியது. அந்தப் புதிய பேட்டரியில்போல் இரண்டு செல்லுக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு இருந்தால், மின்தடை அதிகமான செல் பாரத்தில் எப்போதும் முன்னதாகவே தொய்ந்து, முன்னதாகவே சூடாகி, முன்னதாகவே கெட்டுப்போகும். புதிய பேட்டரியை வாங்கியவுடன் அறை வெப்பநிலையில், முழு சார்ஜில் அளந்து, அந்த எண்ணையும் தேதியையும் உறையிலேயே மார்க்கரால் எழுதிவிடுவேன். சார்ஜருக்குச் சார்ஜர் அளவு சற்று வேறுபடும் என்பதால் ஒரே சார்ஜரில், ஒரே நிலையில் ஒப்பிட வேண்டும். எழுதி வைத்த எண் இரட்டிப்பாகும் நாளில் அதை வேகமான காரிலிருந்து எடுத்து மெதுவான காருக்கு மாற்றிவிடுகிறேன்.

இரண்டு செல்லா மூன்று செல்லா என்ற கேள்விக்கு மோட்டாரின் கேவி எண்ணைக் கொண்டு விடை காணலாம். 3300 கேவி மோட்டார் ஒரு வோல்ட்டுக்கு 3300 சுற்று என்ற கணக்கில் சுழலும். 2எஸ்ஸில் நிமிடத்துக்கு 24,420 சுற்று, 3எஸ்ஸின் 11.1 வோல்ட்டில் 36,630 சுற்று. கியரை மாற்றாமல் 3எஸ் மாட்டினால் மோட்டாரும் இஎஸ்சியும் அளவுக்கு மீறிச் சூடாகும். முதல் ஓட்டத்தில் நான்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி மோட்டாரின் மேல் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். அதோடு, அகலமான திறந்தவெளி இல்லாதவருக்கு அந்த வேகம் பயன்படுவதும் இல்லை. என் கார் மூன்று செல் தாங்கும் என்றாலும் நான் இரண்டிலேயே ஓட்டுகிறேன். முழு வேகத்தை எட்டுவதற்குள் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும் இடத்தில் எனக்கு அது போதுமானதாக இருக்கிறது.

உறையின் கடினத்தன்மையிலும் சிக்கனம் பார்க்க வேண்டாம். விமானங்களுக்கான லிப்போக்கள் மென்மையான படலத்தால் மட்டுமே மூடப்பட்டிருக்கும், எடை குறைவு என்பதால் சிலர் அதையே காரிலும் வைக்கிறார்கள். கல்லில் மோதி உருளும் வண்டிக்கு, கடினமான பிளாஸ்டிக் உறை உள்ளதே சரி.

கனெக்டர் சின்ன விஷயம்போல் தோன்றும். பழைய கார்களோடு வரும் வெள்ளைப் பிளாஸ்டிக் கனெக்டருக்குள் இருக்கும் மெல்லிய தகடுகள் நிக்கல் பேட்டரியின் மின்னோட்டத்துக்கே திணறும். லிப்போவை மாட்டினால் பிளாஸ்டிக் இளகி இரு பாதியும் ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்டி60, டீன்ஸ் போன்ற ஏதாவது ஒன்றைத் தேர்ந்து, எல்லா காருக்கும் எல்லா பேட்டரிக்கும் அதையே பற்றவைத்துக்கொள்வது நல்லது. பேட்டரிப் பக்கத்துக் கனெக்டரை மாற்றும்போது இரு வயரையும் ஒரே நேரத்தில் வெட்டக்கூடாது. ஒன்றை வெட்டி, பற்றவைத்து, உறையிட்டு மூடியபிறகே மற்றொன்றைத் தொட வேண்டும். கத்தரியின் இரு அலகும் இரு வயரையும் ஒருசேரத் தொட்டால் போதும், அலகே உருகிப்போகும் அளவுக்குப் பொறி பறக்கும்.

கொள்ளளவில் என் விருப்பம் பலருக்கு மாறானது. 8000 எம்ஏஎச் பேட்டரி ஒன்றை வாங்குவதற்குப் பதிலாக 4000 எம்ஏஎச் பேட்டரி இரண்டை வாங்குவேன். கார் இலகுவாக இருக்கும். ஒன்று தீர்ந்ததும் மாற்றும் இடைவெளியில் மோட்டார் ஆறும். ஒன்று கெட்டாலும் மற்றொன்று கையில் இருக்கும். மாதத்துக்கு இவ்வளவுதான் செலவிட முடியும் என்ற நிலையில் இருப்பவர், முதலில் பேலன்ஸ் வசதியும் ஸ்டோரேஜ் முறையும் உள் மின்தடை அளக்கும் வசதியும் கொண்ட சார்ஜரை வாங்கிவிட்டு, அதோடு ஒரே ஒரு சாதாரண 2எஸ் பேட்டரியோடு தொடங்கலாம். நிக்கல், லிப்போ இரண்டையும் ஏற்றும் சார்ஜர்களே இப்போது அதிகம் என்பதால், பழைய நிக்கல் பேட்டரி இருந்தாலும் அது வீணாகாது. அதற்குரிய முறைக்கு மாற்றிவிட்டோமா என்று ஒவ்வொரு முறையும் திரையைப் பார்த்துக்கொண்டால் போதும். என் மகள் இப்போது ஓட்டுவது அப்படியொரு பழைய ஆறு செல் பேட்டரியில்தான். அவளும் ஓட்டம் முடிந்ததும் முதலில் அதைக் கழற்றி, ஆறுவதற்காகத் தரையில் வைத்துவிட்டுத்தான் காரின் சக்கரங்களில் அப்பியிருக்கும் மண்ணைத் தட்டுகிறாள்.